ஊரைத் திருப்பிய லில்லித் தொட்டி

தொட்டியில் லில்லி வளர்க்கிறவர்களுக்கு ஒரு சின்ன வேலை உண்டு. சோம்பேறிகள் அதை மறந்துவிடுவார்கள், அவசரக்காரர்கள் அதை வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாகச் செய்துவிட்டுச் செடியைக் குறை சொல்வார்கள். சன்னலோரத் தொட்டியைத் தினமும் காலையில் கால்வட்டம் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். செடிக்கு எப்போதும் வெளிச்சத்தின் மேல்தான் கண், வெளிச்சம் வரும் பக்கமே சாயும், சாய்ந்த தண்டில் மொட்டுக் கனம் ஏறினால் முறியும், ஆகவே இன்றைக்கு முதுகாக இருந்த பக்கம் அடுத்தடுத்த நாளில் முகமாக வேண்டும். நரிக்கொம்பையில் ஸ்வெட்டர் பின்னிப் பிழைக்கும் ஜெசிந்தா சோம்பேறியும் இல்லை, அவசரக்காரியும் இல்லை. ஆகவே சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காப்பிக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு, வழக்கம்போலத் தன் லில்லித் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கால்வட்டம் திருப்பினாள். தொட்டி வலப்பக்கமாகத் திரும்ப, ஊர் இடப்பக்கமாகக் கால்வட்டம் திரும்பி நின்றது.

நரிக்கொம்பை ஒரு மலையின் மொட்டை உச்சியில், கவிழ்த்த சட்டியின் மேல் வைத்த தட்டைப்போல உட்கார்ந்திருக்கும் ஊர் என்பதால் திரும்புவது அதற்குச் சிரமமாக இல்லை. ஒரு சத்தம் இல்லை, காய்ச்சிய பால் ததும்பவில்லை, கயிற்றில் கட்டிய ஆடு தலை தூக்கவில்லை, சவரக் கடையில் ஒருவர் தொண்டைக்குழியில் நின்ற கத்தி முடி அகலம் பிசகவில்லை; ஊருக்குள் எது எங்கே இருந்ததோ அது அங்கேயேதான் இருந்தது, மாறியது வெளியே இருந்த சூரியன் மட்டும். அதை முதலில் பார்த்தவள் ஜெசிந்தாவின் பக்கத்து வீட்டு சுப்புத்தாய். அவள் வீடு தெற்குப் பார்த்த வீடு. அந்த ஒரே காரணத்துக்காக வாடகைக்கு வந்தவர்கள் வாசலோடு போனார்கள், அவள் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். அன்றைக்குப் பல் விளக்கிய வாயைக் கொப்பளிக்கக் கதவைத் திறந்தவளின் முகத்தில் உதயசூரியன் நேராக அடித்தது.

"ஏ ஜெசி, சூரியன் எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்குதுடீ!"

"நின்னா உள்ள கூப்பிட்டுக் காப்பி குடு," என்றாள் ஜெசிந்தா, மொட்டுகளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கு அவள் கவனமெல்லாம் மொட்டுகளில் இருந்ததற்கு நியாயம் உண்டு. அந்தக் கிழங்கு அவள் கைக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, இலை மட்டும் விட்டு இலை மட்டும் உதிர்த்து அவளைக் கேலி செய்துகொண்டிருந்தது, இந்த வருஷம்தான் முதன்முதலாகத் தண்டின் உச்சியில் விரல் விரலாகப் பச்சை மொட்டுகளைப் பிடித்திருந்தது. கிழங்கைக் கொடுத்தவன் அடைக்கலம். கீழே சமவெளியிலிருந்து நரிக்கொம்பைக்கு வரும் காலைப் பேருந்தின் ஓட்டுநர் அவன். அவளுக்கு வேண்டிய கம்பளி நூல் மூட்டையை முன்சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்து, பஸ் நிலையத்தை ஒட்டிய அவள் வீட்டுச் சன்னலில் கொடுத்துவிட்டு, ஒரு தம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போவான். ஒருநாள் மூட்டையோடு டிபன் கேரியரையும் திறந்து, மேலடுக்கிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான்.

"பூண்டு மாதிரி இருக்கு. ரசத்துல தட்டிப் போடணுமா டிரைவரே?"

"மண்ணுல போடுங்க. பூவு வெள்ளையா, ஊதுகொழல் மாதிரி வரும்னான் நர்சரிக்காரன்."

அவள் அளவான மண்தொட்டி ஒன்றில் அடியில் ஓட்டாஞ்சில்லு பரப்பி, இலைமக்கும் மணலும் கலந்து, கிழங்கை ஆழமாக ஊன்றி, மேலே பாசி போர்த்தினாள். லில்லிக்குக் கால் குளிர வேண்டும், தலை காய வேண்டும், மண்ணில் விரலை விட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் கிழங்கு அழுகிப்போகும் என்பதையெல்லாம் யாரும் சொல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டாள். இலை மட்டும் விட்ட ஒரு பருவத்தில், காப்பித் தம்ளரைச் சன்னலில் வைத்தபடி அடைக்கலம் கேட்டான்:

"நீங்க தனியா இருக்கறது, புடிச்சா? இல்ல, யாரும் கேக்கலையா?"

"ரெண்டும்தான்."

"அப்ப நான் கேக்கட்டுமா?"

அவனுக்குத் தங்கைகளைக் கட்டிக் கொடுத்து முடித்தபோது தலை நரைத்துவிட்டிருந்தது. அவளுக்குப் பின்னல் மிஷினோடு பேசிப் பேசியே நாற்பது தாண்டிவிட்டிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, இலைகளைப் பார்த்தாள்.

"இது பூக்கட்டும். சொல்றேன்."

மரியாதையாக மறுப்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டாள். அவன் அதைத் தேதி குறித்ததாக எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லி, தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான். ஆனால் பூக்கவே கூடாது என்று நினைக்கிறவள், தொட்டியைத் தினமும் காலையில் கால்வட்டம் திருப்பிக்கொண்டிருக்க மாட்டாள் என்பது அவளுக்கே உறைக்க இத்தனை வருஷம் பிடித்தது. மொட்டு வந்த அன்றைக்கு உறைத்தது. உறைத்த மறுநாள் ஊர் திரும்பியது.

அன்றைக்குக் காலைப் பேருந்து பஸ் நிலையத்துக்கு வரவில்லை. சமவெளிச் சாலை எப்போதும் கிழக்கிலிருந்துதான் மேலேறி வரும், அது இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. ஊர் திரும்பிவிட்டதால் பஸ் நிலையம் இருந்த கிழக்கு விளிம்பில் இப்போது பள்ளிக்கூட மைதானம் நின்றது. பிள்ளைகள் வரிசையில் நின்று பிரார்த்தனை பாடிக்கொண்டிருக்க, வண்டி மெதுவாக மைதானத்துக்குள் ஏறி, கொடிக்கம்பத்தை மரியாதையோடு சுற்றி நின்றது.

"என்னய்யா இது, எங்க கொண்டுவந்து நிறுத்துறீங்க?" என்றார் தலைமையாசிரியை.

"ரோடு எங்க கொண்டு விட்டுச்சோ அங்கதான் நிறுத்தியிருக்கேன் டீச்சர்," என்றான் அடைக்கலம். "பாட்டு நல்லாருந்துச்சு. முடிச்சுக்குங்க, அப்புறம் எடுக்கறேன்."

யார் செய்த வேலை இது என்று ஊர் அதிகம் குழம்பவில்லை, ஏனென்றால் ஜெசிந்தாவே டீக்கடையில் போய்ச் சொன்னாள். "நான் தொட்டியத்தான் திருப்புனேன். ஊரு ஏன் திரும்புச்சுன்னு ஊரைத்தான் கேக்கணும்." மறுநாள் காலை சன்னலைச் சுற்றிக் கூட்டம் கூடியது, அவள் இரண்டு கையாலும் தொட்டியைத் திருப்பினாள், எல்லோர் நிழலும் கடிகார முள்ளைப்போலக் காலடியில் வழுக்கி வேறு பக்கம் போய் விழுந்தது, கூட்டம் கைதட்டியது. அதோடு காரணம் தேடும் வேலை முடிந்தது. திரும்பியது தொட்டியா ஊரா என்பதில் மட்டும் டீக்கடையில் இரண்டு கட்சிகள் உண்டாயின. தொட்டிக் கட்சி ஒரு பெஞ்சிலும் ஊர்க் கட்சி எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்தன. பூமி சுற்றுகிறதா சூரியன் சுற்றுகிறதா என்ற பழைய வழக்கில்கூட இத்தனை வடை தின்று தீர்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு ஊர் அந்த அதிசயத்தைத் தன் அன்றாடத்தில் எடுத்து வைத்துக்கொண்டது, வீட்டுக்கு வந்த புதுமருமகளுக்கு அலமாரியில் ஒரு தட்டு ஒழித்துக் கொடுப்பதைப்போல. துணி காயப்போட எல்லோரும் வீட்டின் நான்கு பக்கமும் கொடி கட்டினார்கள். மொட்டைமாடி டிஷ்கள் எல்லாம் வானத்தைத் தவறவிட்டுத் தொலைக்காட்சிகள் புள்ளிபுள்ளியாகப் பொரிந்ததால், ஜெசிந்தா தொட்டியைத் திருப்பும் அதே நேரத்தில் ஊரிலுள்ள ஆண்களெல்லாம் மாடியேறி டிஷ்ஷைப் பிடித்து ஊர் திரும்பும் பக்கத்துக்கு எதிராகக் கால்வட்டம் திருப்பும் வழக்கம் வந்தது, லுங்கியை மடித்துக் கட்டிய ஆண்கள் வரிசையாகக் கூரைமேல் நின்று ஒரே வீச்சில் திருப்புவதைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வந்தார்கள். பள்ளிவாசலில் ஹஸ்ரத் ஒரு திசைகாட்டி வாங்கி வைத்துக்கொண்டு தொழுகைப் பாய்களைத் திருப்பிப் போட்டார். நரிக்கொம்பையில் மிகக் குறைந்த பேச்சோடு தீர்ந்த பிரச்சினை அதுதான். பிள்ளையார் கோயில் பூசாரிக்குத்தான் பக்தர்கள் பதில் கேட்டு நெருக்கடி கொடுத்தார்கள், அவர் ஒருநாள் யோசித்துவிட்டு, அம்மையப்பனைச் சுற்றி வந்து உலகத்தையே சுற்றியதாகக் கணக்குக் காட்டியவர் பிள்ளையார், அவருக்கு உட்கார்ந்த இடத்திலேயே நான்கு திசையும் வந்துபோவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று தீர்ப்புச் சொல்லி, கூடுதலாக ஒரு கொழுக்கட்டை வைத்தார்.

பேருந்துக்கும் ஒரு முறை வந்தது. ஊர் நின்ற விதத்தைப் பொறுத்து அது ஒருநாள் பஸ் நிலையத்துக்கு வரும், ஒருநாள் மைதானத்துக்கு வரும், ஒருநாள் கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வரும். கல்லறை நாளில் அடைக்கலம் ஹாரன் அடிப்பதில்லை, பயணிகள் சிலுவை போட்டுக்கொண்டோ கன்னத்தில் போட்டுக்கொண்டோ உட்கார்ந்திருப்பார்கள், கண்டக்டர்கூட விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வாயாலேயே "போலாம்" என்று மெல்லச் சொல்வார். நான்காவது நாள் தண்ணீர்த் தொட்டி நாள். குடிநீர் வாரியத்தின் பெரிய சிமெண்டுத் தொட்டியும் அதன் நெடுஞ்சுவரும் சாலைக்கு நேராக வந்து நிற்கும், வண்டி உள்ளே வர வழியில்லை. சுவரின் இருபுறமும் ஏணி வைத்து ஆட்களும் கோழிக்கூடைகளும் முட்டைக்கோஸ் மூட்டைகளும் ஏறி இறங்குவார்கள். அன்றைக்கு அடைக்கலம் நூல் மூட்டையை ஏணியின் உச்சியில் கொண்டுவந்து கொடுப்பான், காப்பித் தம்ளர் சுவரைத் தாண்டிப் போய்வரும்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சந்தோஷம் ஊரைப் பிடித்துக்கொண்டது. ராட்டினத்தில் மேலிருந்து கீழே வரும்போது அடிவயிற்றில் வருமே ஒரு கூச்சம், அது தினமும் காலையில் எல்லோருக்கும் ஒருசேர வந்தது, அதற்காகவே ஜனங்கள் காப்பித் தம்ளரை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். திரும்பி நின்ற பிறகு கொஞ்ச நேரம் யாருக்கும் கால் நேராகப் போகாது. சண்டை போடக் கிளம்பியவர்கள் வேறு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து அங்கே இட்லி சாப்பிட்டார்கள், பேசாமல் இருந்தவர்கள் தடுமாறி ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, சாய்ந்த பிறகு பேசாமலிருப்பது எப்படி என்று பேசிக்கொண்டார்கள். மலைச்சரிவு, தூரத்து அணை, மறுமலையின் காட்டு அருவி என்று ஒவ்வொரு வீட்டுச் சன்னலுக்கும் முறைவைத்துக் காட்சிகள் வந்தன. சுப்புத்தாயின் மகனை, வீடு கிழக்குப் பார்த்த நாளாகத் தேர்ந்தெடுத்து வந்து பார்த்த பெண்வீட்டார் தண்ணீர் குடித்தார்கள், பஜ்ஜியும் தின்றார்கள்.

ஆனால் கிழக்கு என்பது ருசி கண்டால் விடாத பண்டம். முதலில் கெஞ்சினார்கள்: "நாளைக்கு எங்க வீட்டுல வளைகாப்பு, ஒரு கால்வட்டம் சேத்துத் திருப்பிரு தாயி." பிறகு ஜெசிந்தா கடைக்குப் போன நேரமாகப் பார்த்துச் சன்னல் வழியாகக் கையை விட்டுத் தொட்டியை லேசாகத் தள்ளிவிட்டுப் போனார்கள். பொழுது சாயும் நேரத்தில் மறைந்த சூரியன் மறுபடி அடுப்பங்கரைச் சன்னலில் வந்து நின்றான். பாதி மழித்த முகத்தோடு ஒருவர் நிழலுக்குள் போனார். அடைக்கலம் மைதானத்துக்குள் நுழைந்து கல்லறையில் நின்றான். லில்லிக்கும் தலைசுற்றியது, அதன் அடி இலையொன்று மஞ்சளானது. ஜெசிந்தா சன்னலுக்குக் கம்பி வலை அடித்தாள். வலையில் குச்சியை விட்டுத் தள்ளினார்கள்.

பேரூராட்சித் தலைவர் பெத்தண்ணன் இதற்காகவே காத்திருந்தார். அவருடைய வீடு வடக்குப் பார்த்த வீடு. தண்ணீர்த் தொட்டி நாளன்று மட்டும் அது அச்சுப் பிசகாமல் கிழக்குப் பார்க்கும். அந்த நாட்களில் தமக்கு ஏப்பம்கூட ஒழுங்காக வருவதாக அவர் வீட்டில் சொல்லிவந்தார். பொதுக்கூட்டம் போட்டு, ஊருக்கு நிலையான திசை ஒன்று வேண்டும், திசையில்லாத ஊர் ஊரே அல்ல என்று பேசி, இன்றைக்கு எப்படி நிற்கிறதோ அப்படியே நிற்கட்டும் என்று முடித்தார். அன்றைக்குத் தண்ணீர்த் தொட்டி நாள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"பஸ் எப்படிய்யா உள்ள வரும்?" என்றாள் சுப்புத்தாய்.

"ஏணி இருக்குல்ல. ஒடம்புக்கும் நல்லது."

"ஒங்க ஒடம்புக்கு ஏணிதான்யா பயப்படணும்."

சிரிப்பு அடங்கும்வரை பொறுத்து ஜெசிந்தா எழுந்தாள். "தலைவரே, செடி சாஞ்சுரும். மொட்டுக் கனத்துல ஒடிஞ்சுரும்."

"ஒரு குச்சிய நட்டுக் கட்டும்மா."

"குச்சி தண்டப் புடிக்கும். வெளிச்சத்த யாரு புடிப்பா?"

"ஒரு பூவுக்காக ஊரு சுத்திக்கிட்டே இருக்க முடியுமா? நீயே சொல்லு," என்றார் அவர். கூட்டத்துக்கு அது நியாயமாகப் பட்டது. பட்டதில் தவறும் இல்லை, ஏனென்றால் அந்தப் பூவில் என்ன தொங்குகிறது என்று அவளையும் ஓட்டுநரையும் தவிர யாருக்கும் தெரியாது. தொட்டியின் இருபுறமும் செங்கல் அடுக்கப்பட்டது, மாறி மாறிக் காவலுக்கு ஆள் போடப்பட்டது. ஊர் நின்றது, டிஷ்கள் நின்றன, அடிவயிற்றுக் கூச்சம் நின்றது, ஜனங்கள் நேராக நடந்து சரியான வீட்டுக்குப் போய்ச் சரியாகச் சண்டை போட்டார்கள்.

லில்லி சாய்ந்தது. குச்சிக்குக் கட்டுப்பட்ட தண்டு நேராக நிற்க, கழுத்து மட்டும் சன்னல் பக்கம் வளைந்து, மொட்டுகளெல்லாம் ஒரே பக்கமாகக் குவிந்து, தலைச்சுமையோடு எட்டிப் பார்க்கிறவளைப்போல ஆகிவிட்டது. மொட்டுகள் வெளுத்தன, ஆனால் விரியவில்லை. தண்டில் வளைந்த இடத்தில் தோல் சுருங்கி ஒரு கோடு விழுந்ததை ஜெசிந்தா பார்த்தாள், அதற்குப் பிறகு பின்னிய ஸ்வெட்டர்களில் எல்லாம் ஒரு கை நீளமாக வந்தது.

அப்படி ஒரு காலையில் ஏணியின் உச்சியில் நூல் மூட்டையைக் கொடுத்துவிட்டு அடைக்கலம் இறங்காமல் நின்றான்.

"இந்த ரூட்டு எனக்கு நாளைக்கு ஒரு நாள்தான். கீழ டவுன் வண்டிக்குப் போட்டுட்டாங்க."

அவள் சுவரின் மறுபக்க ஏணியில் நின்றாள். இருவர் தலையும் சுவருக்கு மேலே தெரிந்தன, கீழே கோழிக்கூடையோடு ஒருவர் வழிக்காகக் காத்திருந்தார்.

"கேட்டிருக்கலாம்ல, வேண்டாம்னு?"

"கேட்டேன். இந்த ஊருக்கு வண்டியே உள்ள போறதில்லையாமே, ஒனக்கு என்னய்யா அங்கன்னுட்டாங்க." அவன் காப்பியைக் குடித்தான். "பூத்துருச்சா?"

"வெளுத்துருக்கு. விரியல."

"பூக்காட்டியும் பரவால்ல. சொல்லுங்க. எதுன்னாலும் கேட்டுக்கறேன்."

"சொன்ன சொல்லுக்கு என்ன மரியாதை? பூக்காம நான் ஒண்ணு சொன்னா, பாவப்பட்டுச் சொன்னாளோன்னு ஆயுசு பூரா ஒங்களுக்கு இருக்கும். எனக்கும் இருக்கும்."

"யம்மா, எறங்குறீங்களா? கோழி கொத்துது," என்றார் கீழே நின்றவர்.

மறுநாள் காலை, காவலுக்கு இருந்தவர் டீ குடிக்க எழுந்த சமயத்தில், ஜெசிந்தா கம்பி வலையைக் கழற்றினாள், செங்கல்லை நகர்த்தினாள், தொட்டியைத் திருப்பவில்லை. இத்தனை நாளும் ஊரில் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் செய்தாள்: தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நரிக்கொம்பை ஒரு முறை, கரையிலிருந்து கயிற்றை அவிழ்த்த தோணியைப்போல, மெல்ல ஆடியது. கதவுகள் திறந்தன.

"ஏ ஜெசி, எங்கடீ தூக்கிட்டுப் போற?"

"வெயில் காட்டிட்டு வரேன்."

"அந்தப் பொம்பளையப் புடிங்கப்பா!" என்று பெத்தண்ணன் பல்பொடிக் கையோடு ஓடி வந்தார். ஆனால் அவள் நடக்கும்போது தெருமுனைகளில் திரும்பத்தானே வேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினால் ஊர் வலப்பக்கம் திரும்பியது, பிடிக்க வந்தவர்கள் கால் பின்னி ஒருவர்மேல் ஒருவர் சரிந்தார்கள், பெத்தண்ணன் பூசாரியின் மேல் விழுந்தார், பூசாரி கொழுக்கட்டைப் பாத்திரத்தின் மேல் விழுந்தார். விளிம்புக்கு அவள் வந்து சேர்ந்தபோது சாலைக்கு நேராக எது நிற்க வேண்டுமோ அதுவே நின்றது: பஸ் நிலையம். கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பேருந்தில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, தொட்டியை மடியில் வைத்து, "போலாம்," என்றாள்.

"எதுவரைக்கும்மா?" என்றார் கண்டக்டர்.

"பூக்கறவரைக்கும்."

கண்டக்டர் இப்படி ஒரு நிறுத்தத்தைக் கேள்விப்பட்டதில்லை, ஆனால் அடைக்கலத்தின் காது சிவந்ததைப் பார்த்துவிட்டு, விசிலை ஊதினார்.

மலைச்சாலை கொண்டையூசி வளைவுகளாக இறங்கியது. முதல் வளைவில் வண்டி வலப்பக்கம் அரைவட்டம் ஒடித்துத் திரும்ப, மடியில் இருந்த தொட்டியும் திரும்ப, மேலே நரிக்கொம்பை இடப்பக்கமாக அரைவட்டம் சுற்றியது. அடுத்த வளைவில் இடப்பக்கம், ஊர் வலப்பக்கம். அடைக்கலம் பழகின கைக்காரன், வளைவுகளை மோர் கடைகிறவளைப்போல இங்கும் அங்குமாக இழுத்து ஒடித்தான், மேலே ஊர் மத்தைப்போலச் சுழன்றது. சூரியன் ஒவ்வொரு வீட்டுச் சன்னலிலும் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்து ஓடினான், நிழல்கள் காலைச் சுற்றிக் கும்மியடித்தன, மாதாகோயில் மணி தானாக அடித்தது, கொடியில் காய்ந்த சேலைகளெல்லாம் ராட்டினப் பாவாடையாக விரிந்தன, ஜனங்கள் மின்கம்பத்தையும் குழாயையும் ஒருவரையொருவரும் பிடித்துக்கொண்டு கத்தினார்கள், கத்தல் பாதியில் சிரிப்பாக மாறியது, தொட்டிக் கட்சியும் ஊர்க் கட்சியும் கட்டிப்பிடித்துக்கொண்டு டீக்கடை பெஞ்சோடு உருண்டன. பெத்தண்ணன் தம் வீட்டு வாசல்படியில் கவிழ்ந்து படுத்து அதன் இரு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, "கிழக்கு... போச்சு... கிழக்கு... வந்துருச்சு... போச்சு," என்று சொல்லிக்கொண்டே, அவரும் அடக்கமாட்டாமல் சிரித்தார்.

பேருந்துக்குள் இடப்பக்கச் சன்னல் வெயில் போய் வலப்பக்கச் சன்னல் வெயில் வந்தது, முன்னால் வந்தது, பின்னால் வந்தது. லில்லியின் கழுத்து முதலில் கொஞ்சம் குழம்பியது. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாத செடிக்கு நிமிர்வதைத் தவிர வேறு வழியில்லை. அது மெல்ல மெல்லக் கழுத்தைத் தூக்கி நேராக நின்றது. ஒரு வளைவில், பால்பொங்குகிற சத்தத்தில் பாதிகூட இல்லாத சத்தத்தோடு, முதல் மொட்டு முனை பிளந்து, இதழ்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் மடிந்தன. வண்டி முழுக்க மணம் பரவியது.

அடைக்கலத்தின் கை ஸ்டீயரிங்கில், கண் சாலையில், மூக்கு மட்டும் பின்சீட்டில் இருந்தது. "பூத்துருச்சா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"வாசம் வருதே?"

"ஒண்ணுதான் பூத்துருக்கு. இன்னும் இருக்கு."

பின்சீட்டுக்காரர்கள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு பூ விரிந்தது. விரிந்த பூவுக்குள் மகரந்தப் பைகள் வெடித்துப் பொடி சிந்துவதற்கு முன்னால், ஜெசிந்தா நூல் வெட்டும் கத்தரியால் அவற்றைக் கிள்ளி எடுத்தாள். அந்தக் காவிப் பொடி துணியில் பட்டால் போகாது, எடுத்துவிட்டால் பூவும் கூட நாலு நாள் நிற்கும் என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே கிள்ளினாள்.

"என்ன சேதின்னு எங்களுக்கும் சொல்லுங்கய்யா," என்றாள் காய்கறிக்காரி ஒருத்தி.

"டிரைவரு கேட்டதுக்கு அந்தம்மா பூத்ததும் பதில் சொல்றாங்களாம்," என்றார் கண்டக்டர், ஏணியடியில் காதில் விழுந்ததைத் தாமே கண்டுபிடித்ததைப்போல.

"அட, அப்ப இன்னும் ரெண்டு வளைவு சேத்து ஓட்டுய்யா!"

வளைவுகள் தீர்ந்தன. சாலை மலையடியில் இறங்கி, புளியமரங்களுக்கு நடுவே நேராக நீண்டது. அடைக்கலம் வண்டியை ஓரம் கட்டி, பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, பூக்கள் நின்றன. அவன் எழுந்து வந்து குனிந்து முகர்ந்தான். கடைசிப் பூவை அவள் இன்னும் கத்தரித்திருக்கவில்லை. நிமிர்ந்தபோது அவன் மூக்கு நுனியில் காவிப் பொடி அப்பியிருந்தது. வண்டியே சிரித்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போனாள்.

"துடைக்காதீங்க. போகாதுன்னீங்களே."

"துணியிலதான் போகாது. மூஞ்சியில போகும்," என்று துடைத்தாள். போகவில்லை, இன்னும் பரவியது.

"சரி, பூத்துருச்சு," என்றான் அவன். "சொல்லுங்க."

மேலே, மலையுச்சியில், நரிக்கொம்பை நான்கு திசைகளில் ஒன்றையும் பார்க்காமல் கோணலாக நின்றிருந்தது. எந்த வீட்டு வாசலும் நேராகக் கிழக்குக்கு இல்லை, எந்த வீட்டுக்கும் வெயில் இல்லாமலும் இல்லை. ஜெசிந்தா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"கீழ அடிக்கற வெயில் இந்தச் செடிக்கு ஆகாது. நான் மேலதான் இருக்கணும். டவுன் வண்டிய ஓட்டி முடிச்சுட்டு சாயங்காலப் பஸ்ஸுல ஏறி வீட்டுக்கு வந்துருங்க." பிறகு, பதில் சொல்லிவிட்ட வெட்கத்தை மறைக்க, கொஞ்சம் அதட்டலாகக் கேட்டாள்: "ஊரு எந்தப் பக்கம் பாத்து நின்னாலும் வீடு கண்டுபுடிச்சு வரத் தெரியும்ல?"

"மைதானத்து வழியா வந்திருக்கேன், கல்லறை வழியா வந்திருக்கேன், ஏணி ஏறி வந்திருக்கேன்," என்றான் அடைக்கலம். "வராம இருக்கத்தான் எனக்கு இன்னும் வழி தெரியல."

கண்டக்டர் புறப்படச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தார். வண்டி நகரவில்லை.